ஊமத்தம் புகை முதல் இன்ஹேலர் வரை

செஞ்சிக் கோட்டையிலுள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் கண்டுவிட்டு, பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் குடைவித்த தளவானூர்க் குடைவரைக்குச் செல்வோர் வழியோர ஊமத்தைச் செடியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஆஸ்துமா எனும் இரைப்பு நோயின் வரலாற்றில் அச்செடிக்கு ஓர் இடம் உண்டு.

ஊமத்தையைப் புகைத்து இரைப்பைத் தணிக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதனைப் பரிந்துரைத்தார். 1802ஆம் ஆண்டு ஜெனரல் ஜென்ட் என்பவர் அதை பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். பின்னாளில் அது 'ஆஸ்துமா சிகரெட்' என்ற பெயரில் கடைகளில் விற்பனையாயிற்று. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழலைத் தளர்த்தும். அளவு மீறினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். எனவே, இன்று எவரும் அதனை முயன்று பார்த்தல் கூடாது. மருந்து கடல் கடந்தது. அதை அளவறிந்து கையாளும் அறிவு கூடவே செல்லவில்லை.

அவ்வறிவின் அருமையை அரபு மருத்துவ உலகம் முன்பே உணர்ந்திருந்தது. அப்பாஸியர் கால பக்தாதில் மருந்தாளுநர் தொழில் தனித்துறையாக வளர்ந்தது. கடைகளின் மருந்துகளை முஹ்தஸிப் எனும் அதிகாரி சோதித்து வந்தார். யூத மருத்துவரான இப்னு மைமூன், எகிப்தில் இரைப்பால் வருந்திய ஒருவருக்காக 1190ஆம் ஆண்டளவில் 13 அத்தியாயங்களில் அரபு நூலொன்றை எழுதினார். காற்று, உணவு, உறக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் முறையை அதில் விரிவாகக் கற்பித்தார்.

இன்ஹேலர் 1956இல் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. அதற்கும் கற்பித்தல் தேவை. குப்பியைக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளிவிட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தாயின் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இம்முறையில் தவறினால் நுரையீரலைச் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடும்.

இதைப் பொறுமையுடன் செய்து காட்டத் தக்கவர் மருந்தாளுநர். பின்லாந்தில் 1994 முதல் 2004 வரை நடந்த தேசிய ஆஸ்துமாத் திட்டத்தில், பெரும்பாலான மருந்தகங்களில் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரின் கூட்டுழைப்பால், 1993இல் 1,10,000 ஆக இருந்த மருத்துவமனைத் தங்கல் நாட்கள் 2003இல் 51,000 ஆகக் குறைந்தன. நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிகளும் மருந்தாளுநரின் கடமையாக்கியுள்ளன. ஆகவே, மருந்தைப் பையிலிட்டுத் திரும்பும் முன், "ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று கேட்பது நம் உரிமை.

ரமளானில் இது மேலும் முக்கியமாகிறது. இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதில் வேறுபாடில்லை. நாள்தோறும் இருவேளை எடுக்கும் தடுப்பு மருந்தை ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் எடுக்க இயலுமா என்பதை, ரமளான் பிறக்கும் முன்பே மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டறிக. மார்க்கத் தீர்ப்பை ஆலிமிடம் கேளுங்கள். "பழகிவிடும்" என்றஞ்சித் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். மூச்சுத்திணறல் வந்த வேளையில் நோன்பைக் காரணங்காட்டி நிவாரண மருந்தை மறுப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

மூச்சு இறைவன் தந்த அமானிதம். அதைப் பேணக் கற்பதும் கற்பிப்பதும் நன்மையே. அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.