சின்னத்திரையில் பேசிய சித்திரங்கள்

பெங்களூரில் கோரமங்கலத்தை அடுத்த ஈஜிபுராவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள் நம் குழந்தைகள். தொலைக்காட்சியில் பூனை எலியைத் துரத்தினால் அவர்களுக்கு மொழி வேண்டுவதில்லை. கரடியொன்று வாய் திறந்து பேசிவிட்டாலோ, “என்ன சொல்கிறது?” என்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இக்கேள்விக்குப் பின்னால் சுவையான சரித்திரம் ஒன்று உண்டு.

தொலைக்காட்சி பரிசோதனையாக இருந்த 1920-களின் இறுதியிலேயே கார்ட்டூன் பாத்திரம் அதில் தோன்றிவிட்டது. பெலிக்ஸ் என்னும் பூனையின் பொம்மையைக் கிராமபோன் தட்டில் சுழலவிட்டு, அமெரிக்கப் பொறியாளர்கள் அதன் உருவத்தை ஒளிபரப்பிப் பார்த்தனர். பிரிட்டனில் 1939 செப்டம்பர் 1-ஆம் நாள், போர் காரணமாகத் தொலைக்காட்சி நிறுத்தப்படுமுன் மிக்கி மவுஸ் படமொன்று காட்டப்பட்டது. 1946 ஜூன் 7-ஆம் நாள் ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியபோதும் அதே படம் காட்டப்பட்டது.

ஆயினும் இவை இரவல் விருந்தினர்களே. தொலைக்காட்சிக்கென்றே படைக்கப்பட்ட முதல் கார்ட்டூன் தொடர், 1950-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘க்ருஸேடர் ராபிட்’. அலெக்ஸ் ஆண்டர்சனும் ஜே வார்டும் உருவாக்கிய அதன் நாயகன் ஒரு முயல்.

இத்துறையைப் பெரிதும் மாற்றியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் ஆவர். சினிமாவுக்காக டாம், ஜெர்ரி என்னும் பூனையையும் எலியையும் படைத்த இவர்கள், 1957-இல் தங்கள் கார்ட்டூன் பிரிவு மூடப்பட்டதும் தொலைக்காட்சியை நாடினர். விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம், ஏழு நிமிடப் படத்திற்கு 10,080 சட்டங்கள் ஓட வேண்டும். அத்தனைக்கும் சித்திரம் தீட்டப் பணமில்லை. ஆகவே உடலை அசையாமல் நிறுத்தி, தலையையும் வாயையும் கையையும் மட்டும் அசைத்தனர். யோகி கரடியின் கழுத்துப்பட்டை வெறும் அலங்காரம் அன்று. அசையும் தலை அசையா உடலோடு சேரும் இடத்தை அது மறைத்தது!

அசைவு குறையவே, உயிரூட்டும் பொறுப்பு குரலின்மேல் விழுந்தது. 1958-இல் வந்த ஹக்கிள்பெரி நாய்க்கும் யோகி கரடிக்கும் குரல் கொடுத்தவர் டாஸ் பட்லர் என்ற ஒருவரே. சினிமாவில் பேசாது ஓடிய சித்திரம், சின்னத்திரையில் நின்று பேசிற்று. பேச்சே உயிரானபின், அது எந்த மொழிப் பேச்சு என்பதும் முக்கியமாகிவிட்டது. ஜப்பானில் ஒஸாமு தெஸூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1-இல் பிறந்தான். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஆங்கிலம் பேசினான். சித்திரம் அதுவே, நாவு மட்டும் வேறு.

நம் நாட்டில் பிலிம்ஸ் டிவிஷன் 1956-இல் பம்பாயில் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. டிஸ்னி கூடத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி அளித்தார். 1959 செப்டம்பர் 15-இல் டில்லியில் வானொலி நிலையத்தின் பராமரிப்பில் தொலைக்காட்சி பிறந்தது. விஜயா முலே 1974-இல் உருவாக்கிய ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’, வலையோடு பறந்த பறவைகளின் கதையைப் பின்னாளில் தூர்தர்ஷன் வழியே வீடுதோறும் கொண்டு சென்றது. பஞ்சதந்திரம் வழியாக நாம் அறிந்த கதைதான். ஆனால் அது இந்தியில் பேசிற்று. 1990-களில் ஞாயிறுதோறும் வந்த மௌக்லியும், ஜப்பானில் வரையப்பட்டு, இந்தியில் பேசியவனே. நாள் முழுதும் தமிழ் பேசும் சிறுவர் அலைவரிசையாகச் சுட்டி டி.வி. வந்தது 2007-இல்தான்.

பிற மொழி கற்பது செல்வமே. அதை நாம் குறைகூறோம். ஆனால், சிரிப்பும் வியப்பும் பிறமொழியிலேயே வந்துகொண்டிருந்தால், தாய்மொழி வீட்டில் ஏவலுக்கும் கண்டிப்புக்கும் மட்டுமே உரியதாகச் சுருங்கிவிடும். சித்திரத்திற்குத் தாய்மொழி இல்லை; குரல் கொடுப்பவரின் மொழியே அதன் மொழி. ஈஜிபுராவில் குழந்தை “என்ன சொல்கிறது?” என்று கேட்கும்போது, அருகமர்ந்து தமிழில் சொல்வோமாக. அக்கரடிக்கு அப்பொழுது குரல் கொடுப்பவர் நாமே.