ஏற்றிய குருதியும் எழுந்த ஐயமும்

எங்கள் நண்பர் ஒருவரின் தாயாருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை. குருதி கொடுக்க ஆள் வேண்டுமென்று மருத்துவமனையில் சொன்னதால் நாங்கள் சிலர் சென்றிருந்தோம். கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்துகையில் நண்பர் தயங்கியபடி கேட்டார்: "புற்றுநோய் அறுவையில் இரத்தம் ஏற்றினால் நோய் திரும்பிவிடும் என்கிறார்களே, மெய்யா?" அப்போது எங்களிடம் விடையில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அந்த ஐயத்துக்கும் ஒரு நெடிய வரலாறு உண்டென்று கண்டோம்.

மனிதர் குருதியை மனிதருக்கே ஏற்றியதாக முறையாகப் பதிவான முதல் நிகழ்வு 1818இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் நடந்தது. ஏற்றியவர் ஜேம்ஸ் பிளண்டெல். மகப்பேற்றில் குருதி வடிந்து மாயும் பெண்களைக் கண்ட வேதனையே அவரை இவ்வாய்வில் இறக்கியது. ஆயினும் அவருடைய முதல் நோயாளி பிள்ளை பெற்ற தாய் அல்லர். இரைப்பைப் புற்றுநோயால் எலும்பும் தோலுமாகிவிட்ட ஓர் ஆண். பலரிடம் பெற்ற குருதி பீச்சுகுழல் வழியே அவர் நாளத்தில் செலுத்தப்பட்டது. சற்றே தேறியவர் 56 மணி நேரத்தில் இறந்தார். ஆக, குருதியேற்றமும் புற்றுநோயும் முதல் படியிலேயே சந்தித்துக்கொண்டன.

அடுத்த நூற்றாண்டில் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதிப் பிரிவுகளை வகுத்துக் காட்டினார். 1915இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் ரிச்சர்ட் லூயிசான், குருதி உறையாதிருக்க எவ்வளவு சிட்ரேட் சேர்த்தால் தீங்கில்லை என்று கண்டறிந்தார். 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் குருதி வங்கி அமைத்தார். அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறையலாகாது என்ற கருத்து 1942இல் முன்வைக்கப்பட்டு, பல்லாண்டு எழுதாத சட்டமாகவே நிலவியது. குருதி தாராளமாகக் கிடைத்ததால் அறுவையாளர்கள் பெரிய கட்டிகளையும் துணிந்து அகற்றலாயினர்.

ஐயம் முளைத்தது எதிர்பாராத ஓரிடத்தில். 1973இல் கெர்ஹார்ட் ஓப்பெல்ஸ், பால் டெரசாகி முதலானோர் சிறுநீரக மாற்று நோயாளிகளை ஆராய்ந்தனர். முன்பே பிறர் குருதி ஏற்றப்பெற்றவர்களிடம் மாற்றுச் சிறுநீரகம் நெடுநாள் நிலைத்தது. அயற்குருதி உடலின் எதிர்ப்பாற்றலை ஓரளவு மந்தமாக்குகிறது என்பதே இதன் பொருள். அப்படியானால், எஞ்சிய புற்றணுக்களோடு அதே ஆற்றலைக் கொண்டு போராட வேண்டியவரின் கதி என்ன? 1982இல் பரோஸ், டார்ட்டர் இருவரும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, குருதி ஏற்றப்பெற்ற பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நோய் மிகுதியாக மீள்வதாகச் சொன்னது. அந்த ஆய்வு பிறந்த இடமும் லூயிசானின் மவுண்ட் சினாய்தான்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். யாருக்குக் குருதி ஏற்றுகிறார்கள்? கட்டி பெரிதாயிருப்பவர், அறுவை நீண்டவர், நோய் உள்ளே கசிந்து கசிந்து முன்பே சோகை கண்டவர். இவர்களுக்கு நோய் மீளும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம். குடை பிடித்தவர்கள் கால்தான் நனைந்திருக்கிறது என்பதால் குடையைக் குற்றம் சொல்லலாமா?

இம்முடிச்சை அவிழ்க்க நெதர்லாந்தில் 475 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். தேவை நேர்ந்தால் ஒரு பிரிவினருக்குப் பிறர் குருதி. மறுபிரிவினருக்கு அறுவைக்கு முன்பே எடுத்துச் சேமித்த அவரவர் குருதி. 1993இல் முடிவு வந்தது: இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் குருதியே தேவைப்படாதோரைவிட, எக்குருதி பெற்றவருக்கும் நோய் மீள்வது கூடுதலாயிருந்தது. தன் குருதி தனக்கு அயலன்று. ஆகவே கேடு குருதியின் அயன்மையில் மட்டும் இல்லை, அதைத் தேவையாக்கிய சூழலில் பெரிதும் இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. 2006இல் 36 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடும் குருதியேற்றத்துக்கும் நோய் மீள்வதற்கும் தொடர்பு கண்டது. குருதியே காரணம் என்று அறுதியிட மட்டும் துணியவில்லை.

அப்படியென்றால் சிக்கனமாக ஏற்றுவதே நன்றா? 838 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நிகழ்ந்து 1999இல் வெளியான கனடா ஆய்வு, 7 கிராம் வரை பொறுத்திருப்பதால் தீங்கில்லை என்றது. ஆனால் 2015இல் பிரேசிலிலிருந்து மறுகுரல் எழுந்தது. பெரிய புற்றுநோய் அறுவைக்குப்பின் தீவிர சிகிச்சையிலிருந்த 198 பேரில், 7 கிராமுக்குக் கீழ் இறங்கும்வரை காத்திருந்த பிரிவில் 30 நாளுக்குள் இறந்தோர் 22.8 விழுக்காடு, 9 கிராமுக்குக் குறைந்ததுமே ஏற்றிய பிரிவில் 8.2 விழுக்காடு. ஒரே ஆய்வால் தீர்ப்பெழுத முடியாதுதான். எனினும், கொடுப்பதில் தீங்கு இருக்கலாம் என்றெண்ணிக் கொடுக்காமல் விடுவதிலும் தீங்கு இருக்கலாம் என்பதை அது நினைவூட்டியது.

நண்பரிடம் பின்னர் இவ்வளவே சொன்னோம்: குருதி குற்றவாளி என்று மெய்ப்பிக்கப்படவில்லை, முற்றிலும் விடுவிக்கப்படவும் இல்லை. சோகையிருந்தால் அறுவைக்கு முன்பே இரும்புச்சத்தால் சரிசெய்ய முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். தேவையென்று அவர் சொல்லும் நேரத்தில் அஞ்சி மறுக்கலாகாது. அம்மாவுக்கு இரண்டு பைகள் ஏற்றினார்கள் என்றார் நண்பர். அவற்றில் ஒன்று எங்களில் யாருடையது என்று தெரியவில்லை; தெரிய வேண்டிய தேவையும் எங்களுக்கில்லை.