இரண்டரை அடியும் முந்நூறு கஜமும்

கோல்ஃப் விளையாட்டின் கணக்கில் ஒரு விசித்திரமான சமத்துவம் உண்டு. முந்நூறு கஜம் பறக்கும் அடியும் ஒன்று. குழியின் விளிம்பில் நிற்கும் பந்தை உள்ளே தள்ளும் சிறு தட்டலும் ஒன்று. பார்ப்பவர்களின் கண்களோ எப்போதும் பறக்கும் பந்தின் பின்னால்தான் செல்கின்றன. குழிக்கு அருகே ஆடப்படும் சிறு அடிகளை 'ஷார்ட் கேம்' என்பார்கள். அதையே தன் வாழ்நாள் கல்வியாகக் கொண்டவர் பால் ரன்யன்.

1908-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த ரன்யன், பிறருடைய மட்டைப் பையைச் சுமக்கும் சிறுவனாக மைதானத்துக்குள் நுழைந்தார். மெலிந்த தேகம், ஐந்தடி ஏழு அங்குல உயரம். முதல் அடியில் சக வீரர்களைவிட அவர் எப்போதும் பின்தங்கியே இருந்தார். உடலால் ஈட்ட முடியாததை வேறெங்கேனும் ஈட்டியாக வேண்டும். அந்த இடத்தை அவர் குழியைச் சுற்றியுள்ள சில கஜ நிலத்தில் கண்டுகொண்டார்.

அவருடைய முறை சிக்கனமானது. காற்றில் உயரும் பந்து எங்கே விழும், எப்படித் துள்ளும் என்பது நிச்சயமில்லை; மழித்த புல்லில் உருளும் பந்தையோ ஓரளவு கணிக்கலாம். ஆகவே, பந்து உயரவேண்டிய அளவுக்கு மட்டும் உயர்ந்து, புல்தரையின் தொடக்கத்தில் இறங்கி, மீதித் தூரத்தை உருண்டே கடக்கட்டும் என்றார். மட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, குழிக்குள் தள்ளும்போது பிடிப்பதைப் போலவே பிடித்து, மணிக்கட்டின் அசைவை அறவே ஒழித்தார். அசையும் உறுப்புகள் குறையுமானால் பிழைகளும் குறையும் என்பதே இதன் அடிப்படை.

1938 ஜூலையில் பென்சில்வேனியாவின் ஷானியில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்கொண்டவர் சாம் ஸ்னீட். வயது 26, அந்த ஆண்டு பரிசுப் பணத்தில் முதலிடம் பெற்றவர், நீண்ட அடிகளுக்குப் பேர்போனவர். ஒவ்வொரு குழியையும் தனித்தனியே வெல்லவேண்டிய ஆட்டமுறை அது. மொத்தம் 36 குழிகள். ஸ்னீடின் பந்து ஒவ்வொரு முறையும் வெகுதூரம் முன்னே சென்று விழுந்தது. ரன்யன் பின்னாலிருந்து முதலில் ஆடி, நீண்ட மர மட்டைகளால் குழிக்கருகே சேர்த்து, மீதியை ஒரே தட்டலில் முடித்தார். 29-ஆம் குழியிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. எஞ்சியவை ஏழு குழிகள். ரன்யனின் முன்னிலையோ எட்டு. அந்தப் போட்டி குழிக்குக் குழி வெல்லும் முறையில் ஆடப்பட்ட காலம் முழுவதிலும் இறுதி ஆட்டத்தில் இதைவிடப் பெரிய வெற்றி பதிவாகவில்லை. 'சிறிய நஞ்சு' என்பது ரன்யனின் பட்டப்பெயர். கடுகின் காரத்தை அறிந்த நமக்கு அது விளங்கும்.

இதைப் பலவீனம் பலத்தை வென்ற கதையாக மட்டும் சுருக்கிவிட முடியாது. ஸ்னீட் பின்னர் 82 பி.ஜி.ஏ. தொடர் வெற்றிகள் வரை சென்றார். ரன்யனின் கணக்கு 29. ஆனால் அமெரிக்க ஓப்பன் பட்டம் மட்டும் ஸ்னீடுக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 1947-இல் செயின்ட் லூயிஸில் லூ வோர்ஷமுடன் சமநிலை. மறுநாள் அதைத் தீர்க்க நடந்த ஆட்டத்தின் கடைசிக் குழி. இருவர் பந்துகளும் குழியிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் நின்றன. யாருடையது தொலைவு என்று அளந்து பார்த்தார்கள். ஸ்னீட் முதலில் ஆடவேண்டியிருந்தது. சுமார் இரண்டரை அடி. பந்து குழிக்குள் விழவில்லை. வோர்ஷம் தம்முடையதைத் தள்ளி வென்றார். முதுமையில் ஸ்னீடின் கைகள் சிறு தட்டலுக்கே நடுங்கின. கால்களுக்கு நடுவே பந்தை வைத்து ஆடும் புதுமுறை ஒன்றைக் கைக்கொண்டார். 1968-இல் விதி அதையும் தடுத்தது.

ரன்யன் 1961-இலும் 1962-இலும் மூத்தோர் பட்டத்தை வென்றார். 1979-இல், தான் கற்றதை 'தி ஷார்ட் வே டு லோயர் ஸ்கோரிங்' என்ற நூலாக்கினார். குறைந்த எண்ணிக்கைக்குக் குறுக்குவழி என்று அதைத் தமிழில் சொன்னால் பொருள் பிறழும். சிறிய தூரங்களின் வழி என்பதே சரி. ஸ்னீடின் அடியை ரசிக்கலாம், பின்பற்ற இயலாது. ரன்யனுடையதை வயதானவரும் வலுவற்றவரும் கற்கலாம். இயற்கை அளித்த கொடையைப் பிறருக்குக் கொடுக்க முடிவதில்லை. இல்லாமையிலிருந்து பெற்ற அறிவைக் கொடுக்க முடிகிறது.

இருவரும் ஒரே ஆண்டில் மறைந்தார்கள். 2002 மார்ச்சில் ரன்யன். மே மாதத்தில் ஸ்னீட்.