கொட்டாயில் பாதி, வீட்டில் மீதி

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள், மூன்று ஆங்கிலப் படங்களைத் தன் மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தாள். "அப்பா, இது எங்க காலத்துப் படம். நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பார்க்கணும்" என்றாள். எனக்கு 70 கடந்துவிட்டது. ஆங்கிலப் படம் என்றால் அடிதடி என்று நினைத்து வளர்ந்தவன். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று உட்கார்ந்தேன்.

முதல் படம் 'பிஃபோர் சன்ரைஸ்', 1995-இல் வந்தது. ரயிலில் சந்திக்கும் ஒரு பையனும் பெண்ணும் வியன்னா நகரத்தில் இறங்கி, விடியும்வரை பேசிக்கொண்டே நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். இரண்டாவது 'பிஃபோர் சன்செட்', 2004. அதே இருவர் ஒன்பது ஆண்டு கழித்துப் பாரிஸில் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது 'பிஃபோர் மிட்நைட்', 2013. இப்போது அவர்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். கிரேக்க நாட்டுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், ஓட்டல் அறையில் பெரிய சண்டை. மூன்றையும் எடுத்தவர் ரிச்சர்டு லிங்க்லேட்டர். நடித்தவர்கள் ஈதன் ஹாக், ஜூலி டெல்பி. மூன்றிலும் அவர்களேதான். ஒப்பனை போட்டு வயதைக் கூட்டவில்லை. பதினெட்டு ஆண்டு அவர்கள் முகத்தில் தானாகவே ஏறியிருந்தது.

இந்தப் படங்களுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டாம். வியன்னாவுக்குப் போய் அவர்கள் ஏறிய ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்களாம். 1989-இல் இயக்குநரே பிலடெல்பியாவில் ஒரு பெண்ணைச் சந்தித்து இரவெல்லாம் பேசி நடந்திருக்கிறார். அந்த நினைவில்தான் முதல் படம் பிறந்தது. படம் வந்தால் அவள் எங்கிருந்தாவது பார்ப்பாள் என்று காத்திருந்தார். ஆனால் அந்தப் பெண் 1994-இலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டாள். அது அவருக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. மகள் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மகள் முதல் படத்தைக் கல்லூரி விடுதியில் பார்த்தவள். இரண்டாவதைக் கல்யாணமான புதிதில். மூன்றாவதை 35 வயதில், வேலையும் குழந்தையுமாக ஓடிக்கொண்டிருந்தபோது. "அவங்களோட சேர்ந்து நாங்களும் வயசானோம்ப்பா" என்றாள்.

"எங்களுக்கும் அப்படி ஒரு ஜோடி இருந்ததும்மா" என்றேன். எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சிவாஜி, பத்மினி.

1952-இல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் அவர்கள் ஜோடி சேர்ந்தார்கள். நான் பிறந்த வருடமும் அதுதான். 1958-இல் 'உத்தம புத்திரன்'. 1961-இல் பத்மினிக்குக் கல்யாணம். அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அப்போது சிவாஜிக்கு 39, பத்மினிக்கு 36. அந்த ரயில் பெட்டிக் காட்சியில் யாருக்கு வயது தெரிந்தது?

இரண்டே வருடத்தில், 1970-இல், 'வியட்நாம் வீடு'. சுந்தரம் எழுதிய நாடகம், பி.மாதவன் இயக்கம். 41 வயது சிவாஜி ஓய்வு பெறும் பிரெஸ்டீஜ் பத்மநாபனாகவும், 37 வயது பத்மினி அவர் மனைவி சாவித்திரியாகவும் நரை வைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு 1986-இல் 'தாய்க்கு ஒரு தாலாட்டு'. அப்போது நரை வைக்கத் தேவையில்லை. வயது வந்துவிட்டது. அவர்களுக்கும், எங்களுக்கும்.

நாங்கள் இவற்றைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் கொட்டாய் என்றால் காட்டு வீட்டுக்கும் பெயர், சினிமாவுக்கும் பெயர். பென்னாகரத்துப் பக்கம் நான் பார்த்தது டெண்ட் கொட்டாய். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் படப்பெட்டி எங்களுக்கு வரும். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டதும் நாலாபக்கமிருந்தும் ஜனம் நடந்து வரும். தரை டிக்கெட் 25 காசு என்று ஞாபகம். மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஒரே ஒரு புரொஜெக்டர். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை.

நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். காதல் படத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் பார்த்த காலம் அது. இடைவேளையில் தடுப்புக்கு மேலே முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவதோடு சரி.

'தில்லானா'வை நான் முதலில் பார்த்தபோது வயது 17. கூட்டாளிகளோடு போனேன். 1977-இல் எனக்குக் கல்யாணம். 1979-இல் அதே படம் மறுபடி கொட்டாய்க்கு வந்தது. என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். கைக்குழந்தையோடு அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திரும்பி வரும்போது இருட்டில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாதஸ்வரப் போட்டியைப் பற்றி நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் நல்ல படம் என்று இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

'வியட்நாம் வீடு' கதை வேறு. 18 வயதில் அந்தக் கிழவரைப் பார்த்துச் சிரித்தேன், கடைசியில் கொஞ்சம் அழுதேன். அதோடு மறந்தேன். 2010-இல் தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றேன். மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை, அதிகாரம் மட்டும் பாக்கி இருந்தது. காபி ஏன் ஐந்து நிமிஷம் தாமதம், மோட்டாரை யார் நிறுத்தாமல் விட்டது, பேப்பரை யார் மடித்தது என்று வீட்டையே ஆபீசாக்கினேன். ஒருநாள் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. பாதியில் என் மனைவி எழுந்து போனாள். "ஏன்?" என்றேன். "இதைத்தான் தினமும் வீட்டுலயே பாக்கறேனே" என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. உறைக்க ஒரு மாதம் ஆனது.

இந்தப் பொங்கலுக்கு வருவோம். மூன்றாவது ஆங்கிலப் படத்தில் நடுவே ஓர் இடத்தை மகள் வேகமாக ஓட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் சண்டை. அவன் எழுத்தாளன். நடந்துகொண்டே யோசிக்க அவனுக்கு நேரம் இருக்கிறது, தனக்கு யோசிக்கக்கூட நேரம் இல்லை என்பது அந்தப் பெண்ணின் ஆத்திரம். மகள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லச் சொல்ல, என் மனைவி கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "தில்லானாவுல போட்டி ஆட்டத்தை நான் கொட்டாயில பாக்கவே இல்ல. இவ அழுதா. தூக்கிக்கிட்டு வெளிய போய் வேப்பமரத்தடியில நின்னேன். சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

இவள் என்றது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த 45 வயது மகளை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பேசிக்கிட்டு வந்தீங்க" என்றாள்.

44 வருடம். நான் சேர்ந்து பார்த்ததாக நினைத்த படத்தின் உச்சக் காட்சியை, அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம்கூட இல்லாமல், வெளியே நின்று காதால் கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் கொட்டாய்களில் கைக்குழந்தையோடு வந்த எத்தனை பெண்கள் எத்தனை படங்களை இப்படிப் பாதி பார்த்தார்களோ. நாங்கள் ஆண்கள் எழுதும் சினிமா நினைவுகளில் அந்தக் கணக்கு வருவதே இல்லை. சிவாஜி 2001-இலும், பத்மினி 2006-இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொட்டாய்களும் போயின. அந்தப் பாதிப் படங்களின் கதையைச் சொல்ல இருப்பவர்கள் அவரவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். நாம் கேட்க வேண்டும்.

மறுநாள் இரவு 'தில்லானா'வைப் போடச் சொன்னேன். சுருள் மாற்ற இடைவேளை இல்லை, தடுப்பும் இல்லை. இருவரும் ஒரே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தோம். போட்டி ஆட்டம் வந்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் பேசினாள். பத்மினியின் காலைப் பார்க்கச் சொன்னாள், முகத்தைப் பார்க்கச் சொன்னாள், ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னாள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.