சீருடையும் கல்லூரி மைதானமும்: சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு (1938–1969)

கல்வி வளாகத்துக்குள் படைப்பயிற்சி நுழைந்தபோது தமிழக மாணவர்களிடம் எழுந்த மனக்கசப்பை ‘தேசப்பற்றின்மை’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. படையை இம்மாணவர்கள் வெறுக்கவில்லை. பயிற்சி கட்டாயமானதும், அதன் கட்டளைகள் இந்தியில் ஒலித்ததுமே அவர்களை உறுத்தின. சேலம், நாமக்கல் சமவெளியோடு தொடர்புடைய மனிதர்களையும் நிகழ்வுகளையும் கொண்டு இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

எச். என். குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைப்படி, 1948இல் சட்டம் இயற்றித் தேசிய மாணவர் படை தொடங்கப்பட்டது. விரும்பியவர் மட்டும் சேரலாம் என்பதே அப்போதைய ஏற்பாடு. சேலம் அரசுக் கல்லூரி உள்பட இவ்வட்டாரக் கல்லூரிகள் அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பெரியார் பல்கலைக்கழகம் பிறந்தது 1997இல்தான்.

மொழிச் சிக்கலின் வேர் இதற்கும் முந்தையது. சேலத்தில் வழக்குரைஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1938இல் சென்னை மாகாணத்தின் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அவரது அமைச்சரவையில் கல்வித் துறை, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயனிடம் இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே சுப்பராயன், 1955இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தின் உறுப்பினராக, இந்திக்குச் சாதகமான பெரும்பான்மை முடிவை ஏற்காமல் மாற்றுக் குறிப்பு எழுதினார். கட்டாயத்தின் விளைவை அருகிருந்து கண்டவரின் மறுப்பு என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

கட்டாயப் பயிற்சி

1962 சீனப் போர் நிலைமையை மாற்றியது. போர் முயற்சிக்குத் திராவிட இயக்கத் தலைவரான அண்ணா வெளிப்படையாக ஆதரவளித்தார். அவ்வியக்கத்தின் நிலைப்பாடு படைக்கு எதிரானதல்ல என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று. 1963இல் தேசிய மாணவர் படைப்பயிற்சி, உடல்தகுதியுள்ள இளநிலை மாணவர்கள் அனைவருக்கும் கட்டாயமானது.

மைதானத்தில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘சாவ்தான்’ என்றால் விறைத்து நிற்க வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால் காலை அகற்றித் தளர வேண்டும். ‘தேஜ் சல்’ என்றதும் நடக்க வேண்டும், ‘தம்’ என்றதும் நிற்க வேண்டும். வகுப்பில் ஆசிரியரை மறித்துக் கேள்வி கேட்கலாம். அணிவகுப்பில் கீழ்ப்படிவது மட்டுமே உண்டு. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்க மறுத்த தலைமுறையை, அதே மொழியின் கட்டளைக்குப் பணியுமாறு வரிசையில் நிறுத்தினார்கள். உரசலுக்குக் காரணம் அதுவே.

1965

இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பிப்ரவரியில் கிளர்ச்சி கொங்குப் பகுதியில் தீவிரமடைந்தது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் நெசவு ஊரான குமாரபாளையத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பொள்ளாச்சியில் ராணுவமே இறக்கப்பட்டது. மைதானத்தில் தான் அணிந்ததை ஒத்த சீருடையை, தெருவில் தன் ஊராரை நோக்கித் துப்பாக்கி நீட்டியவர் உடலில் கண்ட மாணவன் அதைப் பழைய கண்ணால் பார்த்திருக்க முடியாது.

தீர்மானமும் தளர்வும்

ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தை அடுத்து மாணவர் கிளர்ச்சி மீண்டும் வெடித்த நிலையில், 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தேசிய மாணவர் படையில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் அதில் இடம்பெற்றது. அப்போது இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர், 1966இல் பொறுப்பேற்ற ஜெனரல் ப. பி. குமாரமங்கலம். இவர் சுப்பராயனின் மகன். படைக்குத் தலைமைத் தளபதியையே தந்த மண் இது; படைமீது வெறுப்பு கொண்டது என்று இதைச் சொல்வது பொருந்தாது.

கட்டாயத்தின் மீதான தயக்கம் தமிழகத்தோடு நிற்கவில்லை. மாணவருக்கு மாற்று வழி ஒன்று வேண்டும் என்பதை 1967இல் கல்வி அமைச்சர்கள் மாநாடும் துணைவேந்தர்கள் மாநாடும் ஏற்றன. 1968இல் கட்டாயம் நீங்கியது. அந்த மாற்று வழியாக, 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது.

முடிவுரை

கல்வி வளாகத்தில் படைக்கு என்ன இடம் என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. இலங்கையில் 2011இல் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களுக்கு ராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2012 நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிக்குள் படையினர் நுழைந்தனர். 2017இல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பீரங்கி வண்டியைக் காட்சிக்கு வைக்க அதன் துணைவேந்தர் விருப்பம் தெரிவித்தார்.

இவை ஒவ்வொன்றையும் அளக்க 1960களின் தமிழக அனுபவம் ஓர் அளவுகோல் தருகிறது. மாணவர் விரும்பிச் சேர்ந்தாரா, ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததா, அவர் மொழிக்கு அங்கே மதிப்பு இருந்ததா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் சீருடை கல்விக்குத் துணை நிற்கும். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றால் எதிர்ப்பது மாணவரின் உரிமை. அந்த எதிர்ப்புக்குச் செவிகொடுப்பது பல்கலைக்கழகத்தின் கடமை.