ஒயில் மாற்றமுன் என்ஜினைச் சூடாக்குவது ஏன்? குறிகட்டுவானில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களுக்காக ஒரு குறிப்பு

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அருகில் வேலை நாட்களில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், வியாபாரிகளின் வண்டிகள் அவை. சிலவற்றை மாலையிலேயே எடுத்துவிடுவார்கள். நெடுந்தீவில் தங்கி வேலை செய்வோரின் வண்டிகள் வெள்ளிக்கிழமை வரை உப்புக்காற்றில் அப்படியே நிற்கும். என்னுடையதும் அவற்றில் ஒன்று. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கு அடிக்கடி கிளம்பும் வாக்குவாதம் இது: "அண்ணை, ஒயில் மாத்தமுதல் என்ஜினைச் சூடாக்க வேணுமோ, ஆறவிட்டு மாத்த வேணுமோ?"

சூடாக்கத்தான் வேண்டும். ஆனால் கொதிக்கும் சூட்டில் திறக்கக்கூடாது. சூடாக்கவே கூடாத இரண்டு சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

குளிர்ந்த ஒயில் தேன்போலத் தடிப்பானது. அடித்தட்டின் மூலைகளிலும் பற்சில்லுகளிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சூடேறினால் இளகி முழுவதும் வடியும். ஆனால் இதைவிட முக்கியமான காரணம் அழுக்கு. வண்டி ஓடும்போது கரித்தூளும் நுண்ணிய உலோகத்துகள்களும் ஒயிலோடு கலந்து மிதந்து திரியும். வண்டி நின்றால் மெல்ல அடியில் படியும். ஐந்து நாட்கள் நின்ற வண்டியை அப்படியே திறந்தால், மேலே நிற்கும் ஓரளவு தெளிந்த ஒயில் வெளியே வந்துவிடும், வெளியேற்ற வேண்டிய சேறு உள்ளே தங்கிவிடும். எங்கள் பக்கத்தில் இன்னும் ஓடும் பழைய ஹொண்டா சிறு வண்டிகள் பலவற்றில் காகித வடிகட்டி கிடையாது. ஒரு கம்பிவலையும், சுழன்று அழுக்கைப் பிரிக்கும் ஒரு கிண்ணமும்தான் இருக்கும். அப்படியான என்ஜினில் அழுக்கு வெளியேற ஒயில் மாற்றும் நாளைவிட்டால் வேறு நாள் இல்லை.

யாழ்ப்பாணத்தில் என் வயதையொத்தவர்களுக்கு ஒயில் கெடுவது பற்றிப் புத்தகம் தேவையில்லை. 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. எம்.டி.90 உட்பட எல்லாமே மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தல் ஒன்றில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, கிக்கரை மிதித்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெள்ளைப் புகை எழும். அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த என்ஜினுக்குள் அது ஆவியாகாமல் திரவமாகவே நின்று, சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கும். ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். கோலை எடுத்து மணந்தால் குப்பிவிளக்கு மணம் வரும். ஒயில் தண்ணீர்போல இளகி, தேய்மானம் விரைவாகும்.

இப்போது எல்லோரும் பெற்றோலில்தான் ஓடுகிறோம். ஆனாலும் தீவுகளுக்குள் அந்தப் பிரச்சினையின் சிறிய வடிவம் இன்னும் இருக்கிறது. நயினாதீவில் வீட்டிலிருந்து துறைக்குப் போவது சில நிமிட ஓட்டம். நெடுந்தீவே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளம்தான். இத்தகைய குறுகிய ஓட்டங்களில் என்ஜின் முழுதாகச் சூடேற முன்னரே நிறுத்திவிடுகிறோம். எரியாத பெற்றோலும், எரிதலில் உண்டாகும் நீராவியும் வெளியேறாமல் ஒயிலில் தங்கும். ஒயில் மூடியின் உட்பக்கத்தில் மோர்போல வெண்மையாக ஏதும் படிந்திருந்தால் அது பெரும்பாலும் இந்த ஈரம்தான். தூரக் கணக்கை மட்டும் பார்த்து "இன்னும் ஆயிரம் கிலோமீற்றர் ஓடேல்லை" என்று இருப்பது தீவு வண்டிக்குச் சரிவராது. மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மிக நல்ல சந்தர்ப்பம் வெள்ளி மாலை. குறிகட்டுவானில் இருந்து வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் வரும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓட்டம் ஒயிலை நன்றாகக் கலக்கிச் சூடாக்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் உடனே சாவியைப் போடாதீர்கள். ஓடிவந்த என்ஜினின் ஒயில் 80, 100 பாகை வரை இருக்கும். 60 பாகையே தோலைச் சுட்டுவிடும். பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். ஓட வழியில்லாதவர்கள் வண்டியை நிறுத்திவைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக இயக்கினால் போதும். காற்றால் குளிரும் என்ஜினை நின்ற இடத்தில் நெடுநேரம் இயக்குவது அதற்குக் கேடு. கதவடைத்த கொட்டிலுக்குள் இயக்குவது உங்களுக்குக் கேடு. அந்தப் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.

வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, மேல்மூடியை முதலில் தளர்த்துங்கள். காற்று உள்ளே போனால் ஒயில் சீராக வடியும். பல ஹொண்டா வண்டிகளில் அடி நட்டுக்கு 17 இலக்கச் சாவி பொருந்தும். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வொஷர் நசிந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். நட்டை மூச்சுப் பிடித்து இறுக்க வேண்டாம். அது இறங்கும் இடம் அலுமினியம், புரி போனால் செலவு ஒயிலின் விலையோடு நிற்காது. புது ஒயில் விட்டு, சற்று இயக்கி நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடத்தின் பின் அளவு பாருங்கள். ஹொண்டாக்களில் கோலைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுத்துப் பார்ப்பதே முறை.

இனி அந்த இரண்டு சந்தர்ப்பங்கள். படகில் ஏற்றி இறக்கும்போது கடலில் விழுந்த வண்டி, அல்லது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி: அதை ஒருபோதும் இயக்கிச் சூடாக்காதீர்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது, அடியில்தான் நிற்கும். நட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர்தான் வரும். இயக்கினால் இரண்டும் கலந்து பாலாகி எல்லா இடமும் பரவும். சிலிண்டருக்குள் நீர் நின்றால் என்ஜினே உடையலாம். இரண்டாவது, வருடக்கணக்காக நின்ற வண்டி. இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போய்ப் பின்னர் திரும்பக் கிடைத்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். சிலருக்கு அது இல்லாமற்போன ஒருவரின் வண்டி. அதைக் குளிராகவே திறந்து பழைய ஒயிலை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கொஞ்சம் ஒயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மலிவான புது ஒயில் விட்டுச் சற்று இயக்கி, அந்தச் சூட்டில் மறுபடி வடித்து, பிறகு நல்ல ஒயில் விடுங்கள்.

வடித்த ஒயிலை வேலிக் கதியாலுக்கும் கூரைமரத்துக்கும் கறையானுக்காகப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். மிச்சத்தை மண்ணில் ஊற்றுவதும் வழக்கம்தான், அதுதான் ஆபத்து. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. தீவுகளில் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. ஆகவே பழைய ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து, யாழ்ப்பாணம் போகும்போது கழிவு ஒயில் சேகரிக்கும் கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள். கானில் பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.