இளைய நிலாவும் ஆறு கம்பிகளும்

மேல்நாட்டில் கிட்டார் வாங்கும் பையன் முதலில் வாசித்துப் பார்ப்பது டீப் பர்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. 1972ல் வந்த பாட்டு. அதன் ஆரம்ப ரிஃப் ரொம்ப எளிது, ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். நம்ம ஊர்ப் பையன்களுக்கு அந்த இடத்தில் இருப்பது 'இளைய நிலா'. இது ஒரு சாயங்காலத்தில் வராது. ஒரு வருஷத்தில் வந்தாலே அதிர்ஷ்டம்தான்!

அந்தப் பாட்டின் பூர்வீகம் தேடிப் போனால் கம்பம் பள்ளத்தாக்கில் போய் நிற்க வேண்டியிருக்கும். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943ல் ராசையா அங்கே பிறந்தபோது அது மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுகிறவர். 1958ல் மலைக்கு மேலே தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் அவர் பாட்டு பெரிய பிரசாரமாக இருந்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். ராசையா 14 வயதில் அண்ணன் குழுவில் சேர்ந்து, அடுத்த பத்து வருஷம் ஊர் ஊராக மேடை ஏறினார்.

அந்த மேடையின் வாத்தியம் ஆர்மோனியம். ஒரு கை துருத்தி போடும், மறு கை மெட்டைத் தொடரும். மெட்டு ஒரே கோடாகப் போகும். ஆனால் கார்டு என்பது வேறு சமாசாரம். ச, க, ப மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். அந்தர காந்தாரம் போட்டால் மேஜர், சாதாரண காந்தாரம் போட்டால் மைனர். நடுவில் இருக்கும் ஒரு சுரம் கொஞ்சம் இறங்கினால் போதும், பாட்டின் முகமே வாடிவிடும்.

1968ல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்த பிறகுதான் ராசையாவுக்கு இந்த உலகம் முறையாகத் திறந்தது. பியானோ, கிட்டார், மேற்கத்திய நொட்டேஷன் எல்லாம் அங்கேதான். நொட்டேஷன் தாள் கிட்டத்தட்ட பேரேடு மாதிரி. வாத்தியத்துக்கு ஒரு வரி, எல்லா வரியும் ஒவ்வொரு கட்டத்திலும் டாலி ஆக வேண்டும்! இருபத்தைந்து வயதுக்கு மேல் உட்கார்ந்து இதை எழுத்தெழுத்தாகப் படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் பாடத்தை இங்கிருந்தபடியே முடித்தார். சலில் சவுத்ரியிடம் கூலிக்கு கிட்டார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார்.

1976ல் 'அன்னக்கிளி' வந்ததும் எல்லோரும் கிராமத்து மெட்டைத்தான் பேசினார்கள். உள்ளே ஒரு கிட்டார்காரர் உட்கார்ந்திருந்தது நிதானமாகத்தான் தெரிந்தது. 1980ல் அவருடைய நூறாவது படம் 'மூடுபனி'. பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து பாடும் 'என் இனிய பொன் நிலாவே' அதில்தான். குரல் யேசுதாஸ்.

அப்புறம் 1982, 'பயணங்கள் முடிவதில்லை', 'இளைய நிலா'. இதில் கார்டை மொத்தமாக அடிப்பதில்லை. கம்பி கம்பியாகப் பிரித்து மீட்ட வேண்டும். இடது கை கார்டு மாற்றிக்கொண்டே இருக்கும், வலது கை ஒரு கம்பியைக்கூடத் தவறவிடக் கூடாது. கார்டு தெரிந்தவர்கள் எல்லாம் பாடலுக்குப் பக்கவாத்தியமாக ஒப்பேற்றிவிடலாம். ஆனால் அந்த ஆரம்ப இசையில் மாட்டிக்கொள்வார்கள்.

கேசட் காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும், சுருதியும் கூடவே இறங்கும். ஒழுங்காகச் சுருதி சேர்த்த கிட்டார் பாட்டோடு ஒட்டவே ஒட்டாது. தப்பு தன் காதில்தான் என்று பையன் கம்பியைத் தளர்த்திக்கொண்டிருப்பான், பாவம்.

இத்தனை பாடுபட்டு யாருடைய விரலை இவர்கள் நகல் எடுத்தார்கள்? எழுதியது இளையராஜா. ஒலிப்பதிவில் வாசித்தவர் சந்திரசேகர், ராஜாவின் டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனின் சகோதரர். கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், எஸ்.பி.பி. பெயர் இருக்கும், வைரமுத்து பெயரும் இருக்கும். வாசித்தவர்களின் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை. ஒரு தலைமுறையே ஒரு மனிதரின் கையை மனப்பாடம் செய்தது, அவர் பெயர் தெரியாமல். இது கொஞ்சம் அநியாயம்தான்.

1983ல் இதே மெட்டு 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் குரலில் இந்திக்குப் போனது. வடக்கே கிட்டார் பழகுகிறவர்களும் இன்றுவரை அதை விடாமல் வாசிக்கிறார்கள். அந்தப் படத்துக்கு இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி.